பேசாமல் ஏசுகிறவர்

மேகம் தரைக்கு இறங்கி ஆட்களோடு நடந்து போகிற மலையடிவாரம் அது. சாரல் காலத்தில் எதிரே வருவது மாடா மனுசனா என்று கிட்டே வந்தால்தான் தெரியும். அந்த மேகத்துக்குள் ஒரு சின்ன மடம். மடத்துச் சாமி இளவயசுக்காரர். சீடர் கோமதிநாயகத்துக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. அதனால் சாமியே அவரை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார்.

அன்று காலையில் கோமதிநாயகம் வந்து தொப்பென்று உட்கார்ந்தார்.

"விரதத்தை விட்டுட்டேன் சாமி."

"ஏன் அண்ணாச்சி, நல்லாத்தானே போச்சு?"

போன மாசம் கோபத்தில் கோமதிநாயகம் வீசிய சாப்பாட்டுத் தட்டு மகள் இசக்கியின் புருவத்தைக் கிழித்துவிட்டது. வாயைக் கட்டினால் கோபமும் கட்டுப்படும் என்று அன்றைக்கே மௌன விரதம் எடுத்தார். பேச்சு நின்றது. கதவுதான் முன்னைவிடப் பலமாக அடித்துச் சாத்திக்கொண்டது. செம்பும் தம்ளரும் வீட்டுக்குள் உருண்டன.

"நேத்து பிள்ளை அவ அம்மைகிட்ட கேக்கா சாமி, 'அப்பா ஏம்மா பேசாமலே ஏசுதாரு?'ன்னு." கைகூப்பினார். "ஞாயித்துக்கிழமை பிள்ளையைக் கூட்டிட்டு அம்மை வீட்டுக்குப் போறேங்கா என் பொண்டாட்டி. கோபம் போக ஒரு மந்திரம் சொல்லுங்க."

சாமி குடையை எடுத்தார். "நடங்க."

குகைக்கோ சுனைக்கோ போகிறோம் என்று நினைத்துக்கொண்டு கோமதிநாயகம் பின்னால் போனார். கால் தரையில் படுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. எங்கோ ஒரு மாட்டுமணி. எங்கோ தண்ணீர் விழுகிற சத்தம். முன்னால் குடை மட்டும் மிதந்து போயிற்று. மலை ஏறாமல் இறங்குகிறோமே என்று அவருக்கு உறைத்தபோது மேகம் விலகிவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்றார்கள். எதிரே 'மனநல ஆலோசனை மையம்' என்று ஒரு போர்டு.

"எனக்கென்ன பைத்தியமா?" கோமதிநாயகம் போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "மந்திரம் கேட்டு வந்தவனை இங்கயா தள்ளுதீங்க?"

"உக்காந்து கண்ணை மூடச் சொல்லித் தருவேன் அண்ணாச்சி. கோபத்தைப் பிரிச்சுப் பாக்கறது தனிப் படிப்பு. நான் அதைப் படிக்கல."

கதவைத் திறந்த பெண் சிரித்தாள். "வாங்க சாமி. போன வாரம் வரலையே, மேடம் கேட்டாங்க."

கோமதிநாயகம் திரும்பிப் பார்த்தார். "சாமிக்குமா?"

"சோத்தைக் குழையவிட்ட சமையக்காரர் மேல கரண்டியை ஓங்கினவன்தான் நான்."

"இப்போ?"

"இப்பவும் கை எழும்பும். எழும்பும்போதே தெரிஞ்சிருது."

உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் பேரைக் கேட்டாள். கோமதிநாயகம் வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உள்ள என்ன கேப்பாங்க சாமி?"

"தட்டை வீசுறதுக்கு முன்னால உடம்புல எங்க சூடு ஏறுச்சுன்னு கேப்பாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாயிருமா?"

"ஆகாது. நாளாகும். பிள்ளையும் அம்மையும் போகட்டும். நீங்களே பஸ் ஏத்தி விடுங்க."

கோமதிநாயகம் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இங்கதான் சரியாகும்னா, பெறகு குருன்னு நீங்க எதுக்கு சாமி?"

"தனியா இந்த வாசல் வரைக்கும் வந்திருப்பீங்களா அண்ணாச்சி?"