நாற்பத்திரண்டு பல்லும் ஒரு செயினும்

கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளிக்குச் சற்று முன்னால் ஒரு சிறிய மடம். ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, ஆறு பேர், ஒரு பழைய பைக். மடம் என்றால் அவ்வளவுதான்.

மடத்தை நடத்தியவர் வேதநாயகி அம்மா. நாற்பத்தொரு வயது. முன்பு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரிதான் இருக்கும்.

சீடர்களில் மூத்தவர் சிதம்பரநாதன். அம்மாவைவிட இருபத்தோரு வயது பெரியவர். பாலிடெக்னிக்கில் முப்பது வருடம் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மடத்துக்கு வந்து இரண்டு வருடமாகியும் எல்லோரும் அவரை "சார்" என்றே கூப்பிட்டார்கள். அம்மாவும்தான்.

சாரிடம் ஒரு பழக்கம் இருந்தது. அம்மா எதைச் சொன்னாலும் உள்ளே வேறொரு அர்த்தம் இருக்கும் என்று நம்பினார். ஒருநாள், "குழம்புல உப்பு கம்மி" என்றார் அம்மா. சார் சாயங்காலம் வரை கண்மூடி உட்கார்ந்திருந்தார். உப்பைக் கடைசிவரை யாரும் போடவில்லை.

புதன்கிழமைதோறும் இருவரும் பைக்கில் மலை ஏறுவார்கள். சார் ஓட்ட, அம்மா பின்னால் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். எழுபது கொண்டை ஊசி வளைவு. மேலே குழிப்பட்டியில் சடையம்மாள் என்று ஒரு சர்க்கரை நோயாளி. சாமை விதைத்துப் பிழைப்பவர். அந்த ஊரில் ஃப்ரிட்ஜ் கிடையாது. ஒரு வாரத்துக்கான இன்சுலின் அந்தப் பெட்டியில்தான் போகும். சடையம்மாள் அதை ஈரமணல் பானையில் வைத்துத் தானே போட்டுக்கொள்வார்.

ஒரு புதன்கிழமை, ஏற்றத்தில் பைக்கின் செயின் இரண்டு தடவை வழுக்கியது. இறங்கி வந்ததும் அம்மா சொன்னார்.

"செயின் போச்சு சார். அடுத்த புதனுக்குள்ள மாத்திடுங்க."

சார் உடனே ஒரு நோட்டை எடுத்தார். மூன்று நாள் ஃபோனும் கையுமாக இருந்தார். செயின்களைப் பற்றிப் பதினாறு கட்டம் போட்டு ஓர் அட்டவணை தயாரித்தார். எஃகின் தடிமன், கண்ணிகளின் எண்ணிக்கை, ரப்பர் வளையம் உள்ளது, இல்லாதது. எல்லாம் இருந்தது. முடிவு மட்டும் இல்லை.

சனிக்கிழமை காலை அம்மா கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். சார் போய்ப் பணிவாக நின்றார்.

"அம்மா, நெடுநாள் உழைக்கிற செயின் எது?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு மண்ணெண்ணெய் பாட்டிலும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டுவந்து சாரின் கையில் கொடுத்தார்.

"முதல்ல பழசைக் கழுவுங்க."

சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பழசை..."

"ஆமா. நல்லாத் தேய்ச்சு."

"செயின்னா உயிரைக் கட்டுற பாசம்தானேம்மா?"

"செயின்னா செயின் சார்."

"பின்னால சுத்துதே, அது பிறவி?"

"அது டயர்."

தகுதி வராத சீடனிடம் குரு எதையும் உடைத்துச் சொல்லமாட்டார் என்று சாருக்குத் தெரியும். அவர் புங்கமரத்தடிக்குப் போனார். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. 'சங்கிலி விளக்கம்' என்று தலைப்பிட்டுப் பதினான்கு பக்கம் எழுதினார். மண்ணெண்ணெய் பாட்டிலைப் பூஜை மாடத்தில், எரிகிற விளக்குக்குப் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு செம்பருத்தியும் சாத்தினார்.

அம்மா அந்தப் பக்கமாக வந்தவர் நின்று பார்த்தார்.

"அந்த விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைங்க சார்."

சார் அதையும் எழுதிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சேந்தமங்கலம் போனார். அங்கே லூர்துசாமி என்று ஒரு மெக்கானிக். பட்டறையும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையும் ஒன்றாகவே வைத்திருந்தார். சார் அட்டவணையை மேஜைமேல் விரித்தார். லூர்துசாமி அதை மரியாதையாகப் பார்த்தார்.

"இருக்கறதுலயே நல்ல செயின் எதுங்க?" என்று கேட்டார் சார்.

லூர்துசாமி ஒரு பெட்டியைத் திறந்தார். கனமான செயின். ஒவ்வொரு கண்ணியிலும் சின்னதாக ரப்பர் வளையம் போட்டு, உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியே வராதபடி அடைத்திருந்தது.

"இது உழைக்கும் சார். ஆனா செட்டா மாத்துங்க. முன்னாடி ஒரு பல்சக்கரம், பின்னாடி ஒண்ணு, செயின். மூணும் சேர்ந்துதான் தேயும்."

"பல்சக்கரம் நல்லா இருக்கு."

"பாத்தீங்களா?"

"எண்ணினேன். பின் பல்சக்கரத்துல நாற்பத்திரண்டு பல். ஒண்ணுகூட விழல."

லூர்துசாமி குனிந்து பார்த்தார். மலை மண்ணும் கிரீஸும் பல வருடமாகச் சேர்ந்து பல்சக்கரம் ஒரு கறுப்பு அடை மாதிரி இருந்தது. ஒரு பல்லும் முழுசாகத் தெரியவில்லை.

"கழுவினா தெரியும் சார்."

"அதைப் பத்திப் பதினாலு பக்கம் எழுதியிருக்கேன்" என்றார் சார்.

முப்பது வருடம் பாடம் நடத்தியவரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? லூர்துசாமி செயினை மட்டும் மாட்டிக் கொடுத்தார்.

ஐந்து வாரம் ஓடியது.

ஆறாவது புதன்கிழமை, முப்பத்திரண்டாவது வளைவில் பைக் திரும்பியது. சார் ஆக்சிலேட்டரை முறுக்கினார். இன்ஜின் கத்தியது. பைக் நின்ற இடத்திலேயே நின்றது. அப்புறம் மெதுவாகப் பின்னால் போகத் தொடங்கியது.

அம்மா பெட்டியோடு குதித்து இறங்கினார். ஒரு கல்லை எடுத்துப் பின் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். பைக் நின்றது.

சார் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். அப்புறம் அவருக்குக் கோபம் வந்தது.

"இருக்கறதுலயே நல்ல செயின்னு குடுத்தாரும்மா. அஞ்சு வாரம்! அந்த லூர்துசாமியைச் சும்மா விடமாட்டேன்."

அம்மா சாலையோரம் உட்கார்ந்து பின் பல்சக்கரத்தைப் பார்த்தார்.

"துடைக்க ஏதாவது இருக்கா சார்?"

சார் பையைத் துழாவினார். துணி இல்லை.

"பேப்பர்?"

பேப்பர் இருந்தது. சார் தயங்கினார். அம்மா கையை நீட்டியபடியே இருந்தார். கடைசியில் 'சங்கிலி விளக்கம்' வெளியே வந்தது.

அம்மா முதல் பக்கத்தைக் கசக்கி ஒரு பல்லைத் துடைத்தார். இரண்டாம் பக்கத்தால் அடுத்த பல். மூன்று, நான்கு. கறுப்பு அடை பெயர்ந்து விழுந்தது. பாசத்தின் இலக்கணம் போனது. பிறவிச் சுழல் போனது. சார் ஒவ்வொரு பக்கமும் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒன்பது பக்கம் போதும். மிச்சத்தை வைங்க" என்றார் அம்மா.

சார் குனிந்து பார்த்தார். நாற்பத்திரண்டும் இருந்தன. ஆனால் துடைத்த பல் ஒவ்வொன்றும் அரிவாள் மூக்கு மாதிரி ஒரே பக்கமாக வளைந்து, நுனி கூர்ந்து போயிருந்தது. புதுச் செயின் அதில் உட்காரவே இல்லை. ஏறி ஏறி வழுக்கி, ஐந்து வாரத்தில் அதுவும் இழுபட்டுத் தொங்கிப்போயிருந்தது.

சார் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"தெரியாது சார். அதனாலதான் கழுவச் சொன்னேன்."

பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்தார்கள். காலை பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் சாயங்காலம்தான். வெயில் ஏறிக்கொண்டே போனது. பெட்டியைச் சார் வாங்கிக்கொண்டார். உள்ளே ஐஸ் உருகித் தண்ணீர் தளும்பும் சத்தம் அவருக்கு ஒவ்வொரு அடியிலும் கேட்டது.

முப்பத்தாறாவது வளைவில் சார் நின்றார். முகத்தில் ஒரு பிரகாசம் வந்திருந்தது.

"அம்மா! இப்பப் புரியுது. வெளியில எவ்வளவு புதுசா மாட்டினாலும், உள்ள இருக்கற பல்லு..."

"சார்."

"சொல்லுங்கம்மா."

"இன்னும் முப்பத்துநாலு வளைவு இருக்கு. மூச்சை மிச்சம் பண்ணுங்க."

நாற்பத்தோராவது வளைவில் ஒரு வேன் வந்தது. அடிவாரத்தில் அன்னாசிப்பழம் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. டிரைவர் இருவரையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். அன்னாசி வாசனைக்கு நடுவே சார் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குழிப்பட்டிக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்றேகால். பெட்டியில் கையகலத்துக்கு ஐஸ் மிச்சமிருந்தது. மருந்து கெடவில்லை.

சடையம்மாள் வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தட்டு, மேலே மூடி. சார் மூடியைத் தூக்கினார். சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் ஆறி இறுகியிருந்தன. தொடக்கூட இல்லை.

"ஏன்மா சாப்பிடல?"

"நீங்கதானே சொன்னீங்க வாத்தியாரே, ஊசி போடாம ஒரு வாய்கூட வைக்கக் கூடாதுன்னு" என்றார் சடையம்மாள். குரல் மெலிந்திருந்தது. "காலைலயே மருந்து தீர்ந்துபோச்சு. வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அம்மா முதலில் ரத்தத்தைச் சோதித்தார். அளவு பார்த்து ஊசி போட்டார். சிறிது நேரம் கழித்துச் சோற்றைச் சூடு பண்ணிக் கொடுத்தார். சடையம்மாள் சாப்பிட்டு முடிக்கும்வரை சார் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிட்ட தட்டை அவரே வாங்கிப்போய்க் கழுவிவைத்தார்.

மறுநாள் லூர்துசாமி தன் வண்டியில் வந்து பைக்கை இறக்கிக்கொண்டு போனார். சாரும் கூடவே போனார். திட்டுவதற்காகப் போகவில்லை. பட்டறை வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்ணெண்ணெய் கேட்டு வாங்கி, அந்தப் பைக்கின் பின்பக்கம் முழுவதையும் தேய்த்தார். ஒன்றரை மணி நேரம் ஆனது.

லூர்துசாமி அந்த ஐந்து வாரச் செயினைக் கழற்றிக் கையில் நிமிர்த்திப் பிடித்தார். அது வாழை நார் மாதிரி இரண்டு பக்கமும் வளைந்து தொங்கியது.

"நல்ல செயின் சார். பழைய பல்லு கடிச்சே கொன்னுடுச்சு."

சார் தலையைக் குனிந்துகொண்டார்.

லூர்துசாமி இரண்டு செட் எடுத்து வைத்தார். ஒன்று பளபளவென்று வண்ணப் பெட்டியில் இருந்தது. இன்னொன்று சாதாரண அட்டைப் பெட்டி. சார் நோட்டை வெளியே எடுக்கவில்லை. இரண்டு பல்சக்கரத்தையும் கையில் தூக்கிப் பார்த்தார். பெருவிரலால் பற்களை ஒவ்வொன்றாகத் தடவினார்.

"மலை ஏறுற வண்டிக்கு இதுல எதுங்க?"

"கனமா இருக்கறதை எடுங்க. பின் பல்சக்கரத்துல ரெண்டு பல்லு கூட இருக்கும். வேகம் கொஞ்சம் குறையும், ஆனா ஏத்தத்துல இழுக்கும்."

"பின்னால உட்கார்றவங்க குதிக்க வேண்டியிருக்காதே?"

"குதிக்க வேண்டாம் சார்."

"அப்ப அதையே போடுங்க."

மூன்றையும் மாற்றினார்கள். செயின் எவ்வளவு தளர்வாக இருக்க வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை எண்ணெய் விட வேண்டும் என்று லூர்துசாமி சொன்னார். சார் கேட்டார். எதற்கும் இரண்டாவது அர்த்தம் கேட்கவில்லை.

அடுத்த புதன்கிழமை இருவரும் காலையிலேயே கிளம்பினார்கள். பைக் மெதுவாக ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் எழுதியிருக்கும் எண்ணைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. வழக்கமாகச் சார் வண்டி ஓட்டும்போதே இருபது கேள்வி கேட்பார். அன்று எழுபது வளைவும் முடிந்து சமதரை வந்தது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

குழிப்பட்டிப் பிரிவில் வண்டி நின்றதும் அம்மா இறங்கினார்.

"என்ன சார், உடம்பு சரியில்லையா? பேசவே இல்ல?"

"செயின் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே வந்தேம்மா."

"என்ன கேட்டுச்சு?"

சார் யோசித்தார்.

"ஒண்ணும் கேக்கலம்மா."

"அதுதான் சார் நல்ல செயின்" என்றார் அம்மா.