தோல்வியே காணாத தலைவர்

அந்த வருஷம் பாங்காக், ஜகார்த்தா, மணிலா என்று மூன்று ஊர்களிலும் போலிங் பந்தை உருட்டி, கட்டைகளைச் சாய்த்துக் கோப்பை வென்றவள் யோகமலர். பாராட்டு விழாவில் அந்தக் கோப்பைகளைக் கட்டிக்கொண்டு நின்றவரோ மலேசியாவின் ஈப்போ போலிங் சங்கத் தலைவர் சிவபாதம்.

"மலர், எல்லாம் என்னாலதான்னு சபை நம்புற மாதிரி பேசணும். ஆனா ஒரு சொல்லுகூடப் பொய்யா இருக்கக் கூடாது" என்று கட்டளையிட்டார்.

"சரிங்கய்யா" என்று அவள் மைக்கைப் பிடித்தாள். "இந்த மூணு போட்டியிலயும் நம்ம தலைவரை ஒருத்தராலயும் தோற்கடிக்க முடியல!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. சிவபாதம் மீசையை நீவிக்கொண்டார். விருந்தாளியாக வந்திருந்த சிங்கப்பூர் வீரர் தணிகாசலம் துள்ளி எழுந்தார். "ஐயா, எங்களுக்கு ஒரு தடவை உருட்டிக் காட்டுங்களேன்!"

விழா நடந்ததே போலிங் அரங்கில்தான். தப்பிக்க வழியில்லை. சிவபாதம் உருட்டிய பந்து நேரே ஓரத்துப் பள்ளத்தில் விழுந்து ஓடியது. ஒரு கட்டைகூட அசையவில்லை.

"பொய் சொல்லி மானத்தை வாங்கிட்டியே!" என்று அவர் பல்லைக் கடித்தார்.

"பொய்யில்லைங்கய்யா. களத்துலயே இறங்காத உங்களை யாருங்கய்யா தோற்கடிக்க முடியும்?"

அவள் கையிலிருந்த மைக் அதையும் ஊருக்குச் சொல்லிவிட்டது. அரங்கம் கொல்லென்று சிரித்தது. சிவபாதத்துக்குக் காதுமடல் வரை சுட்டது. சிரிப்பு அடங்கியபின் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் கையில் கொடுத்தார். அப்போதும் அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.