முதல் வாய்

விலங்குகள் தங்களுக்குள் பேசிக்கொண்டும், மரங்கள் அதை ஒட்டுக்கேட்டுக்கொண்டும் இருந்த அந்தக் காலத்தில், கோகோ மரம் இப்போது இருப்பதுபோல் இல்லை. மற்ற மரங்களைப் போலவே அதுவும் உயரத்தில், கிளை நுனியில்தான் காய்த்தது. பழத்துக்குள் இருக்கும் வெள்ளைச் சதை அப்போதும் இனிப்புதான். கொட்டைக்கு மட்டும் இனிப்பும் இல்லை, கசப்பும் இல்லை. ஈர மண்ணைக் கடித்ததுபோல் சப்பென்று இருக்கும்.

உயரத்தில் குரங்குகள் இருந்தன. அவற்றின் தலைவன் தாட்டான். காலையில் எழுந்ததும் பழத்தைப் பிளந்து, சதையைச் சப்பி, கொட்டைகளைக் கீழே துப்புவான். கீழே யார் போகிறார்கள் என்று பார்த்துத் துப்பும் பழக்கம் அவனுக்குக் கிடையாது.

பெரும்பாலும் சிலும்பிதான் போய்க்கொண்டிருப்பாள். சிலும்பி ஒரு முள்ளம்பன்றி. மரமேறத் தெரியாதவள், அதிகம் பேசாதவள். ஆனால் அந்தக் காட்டில் இனிப்பு எங்கே இருக்கிறது என்று அவளைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. எந்த இலுப்பை முதலில் பூவுதிர்க்கும், எந்தப் பாறை இடுக்கில் கொசுத்தேன் கட்டியிருக்கும், எந்தப் பனம்பழம் ஓடையில் விழுந்து ஊறி நார் இளகியிருக்கும் என்றெல்லாம் அவள் மூக்குக்குத் தெரியும். ஒரு புது வாசனையைத் தேடி இரண்டு மலை தாண்டிப் போய், கடைசியில் வெறும் கரையான் புற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பியதும் உண்டு.

கோடையில் ஒரு நாள், தன் முதுகில் விழுந்த கொட்டைகளை உதறி, எரிச்சலோடு வாழைச் சருகுக்கடியில் தள்ளிவிட்டாள். மறுநாளும் விழுந்தன. மறுநாளும் தள்ளினாள். ஆறு நாளில் அந்தக் குவியல் புளித்துச் சூடேறியது. ஏழாம் நாள் அந்தப் புளித்த வாடைக்குள்ளிருந்து வேறொரு வாசனை மெல்ல எட்டிப்பார்த்தது. சிலும்பி விடுவாளா? கொட்டைகளைப் பாறையில் பரப்பிக் காயவைத்தாள். மூங்கில்கள் உரசி எரிந்து அணைந்த இடத்தில், கனன்றுகொண்டிருந்த சாம்பலில் புரட்டி வறுத்தாள். தோலை ஊதிவிட்டுக் கல்லில் வைத்து அரைத்தாள். அரைக்க அரைக்க நெய் கசிந்து, கண்மைபோல் கறுப்பாக இளகியது. அவள் தோழி பட்டு, ஒரு மலை அணில், உயரத்திலிருந்து தேனடை கொண்டுவந்தாள். தேனைப் பிழிந்து கலந்து, இலையில் மடித்து, சூட்டுச் சாம்பலில் புதைத்து வேகவைத்தார்கள்.

இலையைப் பிரித்ததும் பட்டுவுக்கு வால் மொத்தமும் சிலிர்த்தது.

"அக்கா, ஒரு நக்கு நக்கிப் பாரேன். யாரு பாக்கப் போறாங்க?"

"வேண்டாம் பட்டு. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

அந்தக் காட்டின் முறை இதுதான்: பண்டம் செய்கிறவர் அதை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. உப்போ இனிப்போ, மோந்து மட்டுமே பார்க்கலாம். உயரத்தில் இருப்பவர்கள் முதலில் சாப்பிடுவார்கள். மிஞ்சினால் செய்தவருக்கு. செய்தவர் முதலில் வாய் வைத்துவிட்டால் அது எச்சில். இந்த முறையை யார் போட்டது என்று யாரும் கேட்டதில்லை. போட்டவர்கள் உயரத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்பது கேட்காமலே தெரிந்தது.

வாசனை பிடித்துத் தாட்டான் இறங்கி வந்தான். பின்னாலேயே அவன் கூட்டம். சிலும்பி ஒதுங்கி நின்றாள். வாயில் ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டு, எப்படியும் ஒரு விள்ளல் மிஞ்சும் என்று நம்பினாள். குரங்குகள் இலை கிழியும்வரை நக்கின. தாட்டான் விரலைச் சப்பிக்கொண்டே சொன்னான்:

"பரவால்ல. தேன்தான் கொஞ்சம் கம்மி."

அடுத்த முறை சிலும்பி இரண்டு மடங்கு செய்தாள். அப்படியாவது மிஞ்சும் அல்லவா? மிஞ்சவில்லை.

"பெரியவரே, எனக்கு?" என்று வாழ்நாளில் முதல்முறையாகக் கேட்டாள்.

"உனக்கா? பொழுதன்னைக்கும் அடுப்புகிட்ட நின்னு மோந்துக்கிட்டே இருக்கியே, அதுலயே வயிறு ரொம்பியிருக்குமே!" என்றான் தாட்டான். கூட்டம் கிளையில் தொங்கிக்கொண்டு சிரித்தது. ஒரு குட்டிக் குரங்கு அவள் மோந்து பார்ப்பதுபோல் மூக்கை ஆட்டிக் காட்டியது. அதற்கும் சிரித்தார்கள்.

சிலும்பி திரும்பி நடந்தாள். வளைக்குள் போய்ப் படுத்தாள். கண்ணை மூடினால் அந்த வாசனை. பெயர் தெரியாத பழத்தையெல்லாம் கடித்துப் பார்த்தவள், தான் செய்த பண்டத்தின் ருசி தெரியாமல் கிடந்தாள்.

மூன்றாம் முறை, ஆற்றுக்கு அக்கரைக் குரங்குகள் விருந்துக்கு வந்திருந்தன. தாட்டான் ஆளனுப்பிச் சிலும்பியிடம் நிறையச் செய்யச் சொல்லியிருந்தான். அவள் சுடச்சுட இலையை ஏந்திக்கொண்டு வந்தபோது, விருந்தாளிகளிடம் அவன் பேசிக்கொண்டிருந்தான்:

"இது எங்க குலத்துப் பண்டம். எங்க பாட்டன் காலத்துலேர்ந்து செய்யறோம். கைப்பக்குவம் வேற யாருக்கும் வராது."

"இது யாரு?" என்று ஒரு விருந்தாளி சிலும்பியைக் காட்டிக் கேட்டது.

"அதுவா? தூக்கிட்டு வர்றது."

சிலும்பியின் முதுகில் முட்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. அவள் இலையைத் தரையில் வைத்தாள். பிரித்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் விள்ளலை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

அது நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்ததுதான் அவள் கோபத்தை இன்னும் ஏற்றியது. இத்தனை நாளாக இதுவா அவர்கள் வயிற்றுக்குள் போனது? இதற்கா தேன் கம்மி என்றான்?

"எச்சில்!" என்று கத்தினான் தாட்டான். "எச்சப் பண்ணிட்டா! ஒருத்தரும் தொடாதீங்க!"

"எச்சிலா?" சிலும்பியின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "இந்தக் கொட்டை எங்கேருந்து வருதுன்னு நினைச்சீங்க? தினமும் காலையில உங்க வாயிலேர்ந்து என் முதுகுல விழுந்தது பெரியவரே. நீங்க துப்பினதத்தான் பொறுக்கினேன். முதல் நாள்லேர்ந்து நீங்க நக்கினது உங்க எச்சில. என் எச்சில் இன்னைக்குத்தான் பட்டிருக்கு."

அக்கரைக் குரங்கு ஒன்று ஓங்கரித்தது. மேலே பட்டு சிரிப்பை அடக்க முடியாமல் கிளையிலிருந்து வழுக்கினாள்.

தாட்டானின் முகம் கறுத்தது. "இனிமே ஒரு கொட்டை கீழ விழக் கூடாது! துப்பாம மென்னு முழுங்குங்கடா! இவ எதை வெச்சு அரைக்கிறான்னு பாத்துடலாம்!"

குரங்குகள் இலையை மிதித்துச் சிதறடித்துவிட்டுப் பாய்ந்து ஏறின. பழங்கள் பிளக்கும் சத்தம் கேட்டது, மெல்லும் சத்தம் கேட்டது. கீழே ஒன்றும் விழவில்லை. சிலும்பி அண்ணாந்து நின்றாள். இனி இந்தப் பண்டம் இந்தக் காட்டில் இல்லை. அவள் தின்றது முதல் வாய் மட்டுமல்ல, கடைசி வாயும் அதுதான். அவளால் ஏற முடியாது. எத்தனை முள் இருந்து என்ன?

அவளுடைய கோபம் இப்போது மரத்தின் பக்கம் திரும்பியது.

"நீயும் உயரத்துக்காரங்க பக்கம்தானா? எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான நின்ன? உன் காலடியில நிக்கிறவ உன் கண்ணுக்குத் தெரியலையா?"

சொல்லிவிட்டுத் திரும்பி, முதுகைக் கொடுத்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அடிமரத்தில் மோதினாள். மீண்டும் மோதினாள். முட்கள் பட்டையைத் துளைத்து இறங்கின. அவளுடைய கோபம் முள்வழியாக மரத்துக்குள் போனது. தண்டில் ஏறி, கிளையில் பரவி, பழத்துக்குள் நுழைந்து, கொட்டை ஒவ்வொன்றிலும் போய் உட்கார்ந்தது.

மேலே மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன.

"த்தூ!" என்றது ஒரு குரங்கு.

"முழுங்குடா!" என்றான் தாட்டான். அவனும் ஒன்றைக் கடித்தான். அடிநாக்குவரை கசந்தது. துப்பினான். மழைபோலக் கொட்டைகள் விழுந்தன. பட்டு அவற்றைப் பொறுக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

அடுத்த பருவத்தில் கிளை நுனிகள் வெறுமையாக இருந்தன. அடிமரத்தில், முட்கள் துளைத்த இடங்களிலெல்லாம், சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள் பட்டையைப் பிளந்துகொண்டு வந்தன. பழங்கள் ஒரு முள்ளம்பன்றியின் வாய்க்கு எட்டும் உயரத்தில் ஒட்டிக்கொண்டு தொங்கின.

சிலும்பி புளிக்கவைத்தாள், காயவைத்தாள், வறுத்தாள், அரைத்தாள். வாசனை எழுந்ததும் தாட்டான் வந்து சற்றுத் தள்ளி, தரையில் உட்கார்ந்தான்.

"கொஞ்சம் குடேன்."

சிலும்பி ஒரு விள்ளலை வாயில் போட்டு, அவனைப் பார்த்தபடியே நிதானமாக மென்றாள்.

"இரு. நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கல."

அன்று முதல்தான் கோகோ மரம் கிளை நுனியை விட்டுவிட்டு அடிமரத்தில் காய்க்கிறது. பாடுபடாமல் கடிக்கிறவர் நாக்கில் அதன் கொட்டை கசக்கிறது. சாக்லேட் செய்கிறவர் முதல் விள்ளலைத் தன் வாயில்தான் போட்டுப் பார்க்கிறார். அதை எச்சில் என்று சொல்ல இன்றுவரை எந்தக் குரங்கும் துணியவில்லை.