பத்தொன்பதாவது பொன்னாடை

செய்யாற்றங்கரையில் எங்கள் மடம் இருக்கிறது. மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓடு போட்ட ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, ஒரு கிணறு. குரு குமுதவல்லி அம்மாவுக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் கோதண்டத்துக்கு அறுபத்திரண்டு. நான் சமையல்காரன்.

வருஷப் பிறப்பு அன்று மடத்தில் மத்தியானச் சாப்பாடு போடுவோம். டவுனிலிருந்து வருகிற பெரிய மனிதர்களுக்குப் பொன்னாடையும் உண்டு. பக்கத்துச் செங்கல் சூளையில் வேலை செய்கிற குடும்பங்கள் அத்தனையும் வரும். அன்றைக்குத்தான் சூளைக்கு லீவு. அவர்கள் அந்த ஒரு வேளைப் பாயசத்தைப் பற்றி மாசி மாதமே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

எப்போதும் பாதிச் செலவை ஏற்றுக்கொள்கிற அரிசி மண்டிக்காரர், இந்த வருஷம் தன் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்துவிட்டார். செலவு கையைக் கடித்தது. "நான் பாத்துக்கறேன்" என்று கோதண்டம் முன்னால் வந்தார். அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் விழா நடத்திக் கொடுத்த மனிதர். இனி நமக்குக் கவலையில்லை என்று நான் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்று நாள் டவுனுக்கும் மடத்துக்குமாக அலைந்தார். நாலாம் நாள் மத்தியானம் வேர்த்து விறுவிறுத்து வந்து, அம்மாவிடம் ஒரு தாளை நீட்டினார்.

"எவ்வளவு குறைச்சாலும் இடிக்குதும்மா. கையில இருக்கிறத வெச்சு விழாவ எப்படி நடத்துறது? நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

அம்மா தாளை வாங்கி உரக்கப் படித்தார்.

"வரவேற்பு வளைவு. பிளெக்ஸ் பேனர். மேடை. மைக் செட். பொன்னாடை பத்தொன்பது."

"போன வருஷம் இருபத்தஞ்சும்மா. ஆறு குறைச்சிருக்கேன்."

"மாலை. நினைவுப் பரிசு. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை நாலு, நன்றியுரை."

"உரைக்கெல்லாம் செலவு கிடையாதும்மா."

தாளின் கடைசியில், இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி ஒன்று எழுதியிருந்தது. அம்மா அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார்.

"சாப்பாடு, மீதமிருந்தால்."

நான் அரிவாள்மனையை விட்டு எழுந்தேன். அம்மா என்னைக் கையமர்த்தினார்.

"சாப்டீங்களா ஐயா?"

"இல்லம்மா. காலையில ஒரு டீ குடிச்சதுதான்."

"கை கழுவிட்டு வந்து உக்காருங்க."

நான் இலை போட்டேன். கோதண்டம் தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கத்தரிக்காய் சாம்பார் அப்போதுதான் இறங்கியிருந்தது. வாசனை கூடம் முழுக்க நின்றது.

அம்மா கொடியில் காய்ந்த துண்டு ஒன்றை எடுத்து வந்து, அதை இரண்டு கையாலும் விரித்து அவர் தோளில் போர்த்தினார். பிறகு இலைக்கு எதிரே நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்த இலையின் முன்னே வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய கோதண்டம் அவர்களே."

வரவேற்புரை கால் மணி நேரம். துண்டு தோளில் விழுந்ததும் மனிதர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். விளையாட்டு என்று தெரிந்திருந்தும் அவருக்கு அது இனித்தது. பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

தலைமையுரையையும் அம்மாவே நிகழ்த்தினார். வாழ்த்துரைக்கு என்னைக் கூப்பிட்டார். எனக்கு என்ன பேசத் தெரியும்? ஐயாவின் சட்டை நன்றாக இருக்கிறது என்றேன். அது போதாது போலிருந்ததால் செருப்பும் நன்றாக இருக்கிறது என்றேன். கோதண்டம் கண்ணைத் திறந்து சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார். எச்சில் விழுங்கினார்.

நன்றியுரை முடிந்தது. இலை காலியாகவே கிடந்தது.

"அம்மா, சாப்பாடு?"

அம்மா என் பக்கம் திரும்பினார். "மீதமிருக்கா?"

"வாழ்த்துரையோட தீந்துபோச்சும்மா" என்றேன்.

நானும் அம்மாவும் சிரித்தோம். கோதண்டம் சிரிக்கவில்லை. துண்டை எடுக்கவும் இல்லை. அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பதினெட்டுப் பேர் யாருன்னு எனக்குத் தெரியும். பத்தொம்பதாவது பொன்னாடை யாருக்கு?"

அவர் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்குத்தாம்மா. முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் பொன்னாடை வாங்கிட்டு வந்தவன் நான். நான் ரிட்டயர் ஆன அன்னிக்கு அதிகாரி லீவு. பொன்னாடை பீரோவுக்குள்ள இருந்துச்சு. சாவி அவர்கிட்ட. ஒரு தடவையாவது நாலு பேர் முன்னாடி என்னைக் கூப்பிடணும்னு ஆசையா இருக்கும்மா."

அம்மா எழுந்து போய்த் தானே சோறு கொண்டுவந்து பரிமாறினார். கோதண்டம் இரண்டு தடவை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவி வந்ததும் பேனாவை எடுத்தார். வரவேற்பு வளைவிலிருந்து நன்றியுரை வரை ஒரே கோடாக அடித்தார். கடைசி வரியில் 'சாப்பாடு' என்பதை மட்டும் விட்டுவிட்டு 'மீதமிருந்தால்' என்பதை அடித்தார். முதல் கோடு 'பொன்னாடை பத்தொன்பது' என்ற இடத்தைக் கடக்கும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றது. நான் பார்த்தேன்.

வருஷப் பிறப்பு அன்று மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. வடை இருந்தது, மாங்காய்ப் பச்சடி இருந்தது, பருப்புப் பாயசம் ஒரு பெரிய அண்டா நிறைய இருந்தது. கோதண்டம் அந்தத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பாயச வாளியைத் தூக்கினார். மூன்று பந்தி.

பந்தியில் பரிமாறுகிறவருக்குப் பெயர் ஏது? கையில் இருக்கிற வாளிதான் பெயர். என்னை அன்று முழுக்க "சாம்பார், சாம்பார்" என்றார்கள். அவர் பாடு இன்னும் மோசம்.

"பாயசம், இந்தப் பக்கம் வாங்க."

"பாயசம், என் வீட்டுக்காரருக்கு ஊத்தாம போறீங்களே."

"பாயசம், பாத்து மெதுவா, வழுக்குது."

கடைசிப் பந்தி எழுந்தபோது அவர் சட்டை முழுக்கப் பாயசம். வாளியை அம்மா முன்னால் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"இருநூறு பேர் சாப்ட்டாங்க. ஒருத்தராவது கோதண்டம்னு கூப்பிட்டாங்களா? பாயசமாம். அறுபத்திரண்டு வயசுல எனக்கு இந்தப் பேரு."

"போன வருஷம் முதல் பொன்னாடை வாங்கினவர் பேரு என்ன?" என்றார் அம்மா.

கோதண்டம் யோசித்தார். என்னைப் பார்த்தார். நான் முகட்டைப் பார்த்தேன். மீசை வைத்தவர் என்பது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருந்தது.

அப்போது வாசலில் சூளைப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு நின்று திரும்பிப் பார்த்தாள்.

"பாயசம், போயிட்டு வரோம். அடுத்த வருஷமும் நீங்கதான ஊத்துவீங்க?"

"ஆமாம்மா, நான்தான்" என்றார் கோதண்டம். அவள் போன பிறகும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா அதுவரை சாப்பிட்டிருக்கவில்லை. மிச்சமிருந்த ஒரே இலையை விரித்துப் போட்டு உட்கார்ந்து தண்ணீர் தெளித்தார்.

"பாயசம், எனக்கு ஒரு கரண்டி ஊத்துங்க."