விமானத்தடியில் தலைவர் படம்

பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஓய்வுபெற்ற போர் விமானம் ஒன்றை மேடைமேல் ஏற்றிப் போர் நினைவுச் சின்னமாக நிறுத்தியிருந்தார்கள். அதன் இறக்கைக்குக் கீழே, சண்டையில் உயிர்விட்ட உள்ளூர் விமானி சென்னியப்பனின் படம். அங்கே கூட்டித் துடைத்து, படத்துக்குத் தினமும் மாலை போடுவது பூவாயியின் வேலை.

ஊரே அந்தப் படத்தைக் கும்பிட்டுப் போவது நகராட்சித் தலைவர் தெய்வசிகாமணிக்குப் பொறுக்கவில்லை. தன் படத்தோடு வந்து இறங்கினார்.

"இதை அவர் பக்கத்துலயே மாட்டு. அவருக்குச் செய்யுற மரியாதையில ஒண்ணு எனக்குக் குறைஞ்சாலும் உன் வேலை போயிடும்."

"வேண்டாமுங்களே ஐயா..."

"சொன்னதைச் செய்!"

"ஆகட்டுங்க. ஒரு குறையும் வைக்க மாட்டேனுங்க."

மறுநாள் முதல் பேருந்துக்கு வந்தவர்கள் திகைத்து நின்றார்கள். தலைவர் படத்துக்குச் சந்தனப் பொட்டு, ரோஜா மாலை, எதிரே விளக்கு, ஊதுபத்தி.

"அடப் பாவமே! நேத்துகூட நல்லா இருந்தாரே!"

செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. தலைவர் பல் துலக்கியபடி வெளியே வந்தால், வாசலில் சாமியானா கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மாலையோடு வந்திருந்த எதிர்க்கட்சிக்காரர் அவரைப் பார்த்ததும் முகம் வாடிப்போனார்.

வாயில் நுரையோடு விமானத்தடிக்கு ஓடிய தலைவர், தானே மேடை ஏறித் தன் படத்தைக் கழற்றினார்.

"அதுக்குள்ள ஏனுங்க கழட்டுறீங்க?" என்றாள் பூவாயி, துடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு. "இன்னும் ரெண்டு நிமிஷம் மௌன அஞ்சலி பாக்கி இருக்குதுங்களே!"