காதர் பாயின் டிரைவர் சீட்டு

அந்த வெள்ளைக் கார் மூன்றாவது தடவையாகக் கடை வாசலில் வந்து நின்றதும் பாலுச்சாமி கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தான்.

அந்தக் காரின் டிரைவர் சீட்டுதான் அவன் தனியாகச் செய்த முதல் வேலை. மில் மூடிய பிறகு, நாற்பத்தெட்டு வயதில், சகாயமேரியிடம் கார் சீட்டு வேலை பழக வந்தவன். அவளோ அவனைவிடப் பதினான்கு வயது இளையவள். அவன் அவளை மேஸ்திரியம்மா என்பான். அவள் அவனை அண்ணே என்பாள்.

காதர் பாய் இடுப்பைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். இருபது வருஷமாக அந்த வண்டியை வாடகைக்கு ஓட்டுகிறவர்.

"பாலு, கிழிசலைத் தைக்கத்தானப்பா சொன்னேன்? என் இடுப்பை ஒடிச்சுட்டியே. ஒட்டன்சத்திரம் தாண்டறதுக்குள்ள குத்துது. இன்னைக்கும் சரியாகலேன்னா வண்டியை வித்துட்டு, மருமகன் பிரியாணிக் கடையில இலை போடப் போறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை.

பாலுச்சாமி கிழிசலை மட்டும் தைக்கவில்லை. அமுங்கிப் போன ஸ்பான்ஜை மாற்றியிருந்தான். முதுகுப் பக்கம் பிரித்தபோது உள்ளே ஒரு கம்பி அறுந்து கிடந்தது. சீட்டின் பக்கவாட்டில் இருக்கும் திருகைத் திருப்பினால், அந்தக் கம்பி இழுத்து, இடுப்புக்கு நேராக ஒரு வளைவு முன்னால் வந்து தாங்கும். யாரும் கேட்கவில்லை. அவனாகவே புதுக் கம்பி போட்டு, திருகைத் திருப்பி வளைவையும் முன்னால் கொண்டுவந்துவிட்டான். அன்று ராத்திரி வீட்டில் அதைப் பற்றியே பேசினான்.

இப்போது மறுபடியும் பிரித்தான். ஸ்பான்ஜ் சரி. தையல் சரி. கம்பி சரி. மூடிவிட்டு ஏறி உட்கார்ந்து பார்த்தான். தூக்கமே வந்தது.

"பூ மாதிரி இருக்கே, பாய்!"

"அப்போ நீயே ஓட்டு."

"மேஸ்திரியம்மா, எங்க தப்புன்னே தெரியலையே."

சகாயமேரி சீட்டைத் தொடவே இல்லை. "பாய், ஏறி உட்காருங்க. அப்படியே இறங்குங்க. இன்னொரு தடவை ஏறுங்க."

"என்னம்மா, டிரில்லா?"

"அண்ணே, நீங்க நல்லாப் பாருங்க."

"சீட்டைத்தானே?"

"பாயை."

பாலுச்சாமி பார்த்தான். ஏறும்போது காதர் பாயின் கை, தோளில் கிடந்த துண்டை எடுத்து, நாலாக மடித்து, இடுப்புக்குப் பின்னால் செருகியது. இறங்கும்போது துண்டு தோளுக்குப் போய்விட்டது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"துண்டு!" என்று கத்திவிட்டான். "உள்ளேயே தாங்கல் போட்டிருக்கேன். அதுக்கு மேல துண்டும் வச்சா குத்தாம என்ன செய்யும்? எடுங்க பாய் அதை!"

"அட, அந்தத் திருகு செத்து எட்டு வருஷமாச்சே! அன்னையிலிருந்து துண்டுதானப்பா."

துண்டைக் கடையில் விட்டுவிட்டு பைபாஸ் வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார்.

"குத்தலை. ஆனா..."

"ஆனா?"

"கை சும்மா சும்மா பின்னால தேடுது. சட்டை போடாம உட்கார்ந்த மாதிரி இருக்கு. என் வண்டி மாதிரியே இல்லை, பாலு. பேசாம வித்துடறேன்."

பாலுச்சாமி துண்டையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தான். குத்தினாலும் தப்பு, குத்தாவிட்டாலும் தப்பா?

சகாயமேரி கம்பிக் குறடு எடுத்துவந்தாள். முதுகுப் பக்கத்தைப் பிரித்து, பாலுச்சாமி போட்ட கம்பியைக் கழற்றினாள். வளைவு உள்ளே அடங்கியது.

"மேஸ்திரியம்மா! திருகைத் தளர்த்தினாலே போதுமே?"

"போற வழியில கை பட்டுத் திரும்பிக்கும்ணே."

மூடினாள். துண்டை எடுத்துக் காதர் பாயிடம் நீட்டினாள். அவர் ஏறினார், செருகினார், சாய்ந்தார். கை பின்னால் தேடவில்லை.

"நாளைக்கு வேளாங்கண்ணிக்கு ஒரு டிரிப் கேட்டாங்க. வரலைன்னு சொல்லியிருந்தேன்." போனை எடுத்தார். "வர்றேன்னு இப்பவே சொல்லிடறேன்."

வண்டி போய்விட்டது. பாலுச்சாமி கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஒண்ணுமே புரியலை. உடைஞ்சு கிடந்ததைத்தானே நான் சரி பண்ணினேன்?"

சகாயமேரி மடியில் ஒட்டியிருந்த ஸ்பான்ஜ் தூளைத் தட்டினாள்.

"அதை அவர் எட்டு வருஷத்துக்கு முன்னாடியே சரி பண்ணிட்டாருண்ணே. நாமதான் போய்க் கெடுத்தோம்."