மங்கப்போகிற நட்சத்திரம்

சின்னக் கதை. கேள்வி கடைசியில் வரும். அதுவரை குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

வானத்தில் ஒரு நட்சத்திரம். வெறுங்கண்ணுக்கே தெரியும். முப்பது ஆண்டுக்கு ஒருமுறை அதன் முன்னால் ஏதோ ஒன்று வந்து மறைக்கும். சில மாதம் மங்கிக் கிடக்கும், பிறகு தெளியும். மறைப்பது என்னவென்று யாருக்கும் தெரியாது. போன முறை அது மங்கியபோது மங்கையர்க்கரசி மாணவி. கருவி கைக்குக் கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து மலைமேல் ஒரே தொலைநோக்கியால் அதன் ஒளியை அளந்துகொண்டே இருந்தார். அதே கருவியால் இடைவிடாமல் அளந்தால்தான் அந்த வேலைக்குப் பொருள். பிள்ளை குட்டி கிடையாது. கணவர் கோமதிநாயகம், அவரும் வானியல்காரர்தான், வேறொரு நிலையத்தின் தலைவர்.

அடுத்த மங்கலுக்கு ஒரு வருஷம்கூட இல்லாத சமயத்தில், அரசுப் பணத்தில் நடக்கும் வானியல் திட்டங்களை எல்லாம் மறுபரிசீலனை செய்யக் கிளம்பினார்கள். எல்லாவற்றுக்கும் பணமில்லை, சிலவற்றை மூடவேண்டும். எதை என்று வானியல்காரர்களையே கேட்டு முடிவு செய்ய நாச்சியப்பன் என்ற ஓய்வுபெற்ற விஞ்ஞானியை நியமித்தார்கள்.

அவர் ஏழு நிலையத் தலைவர்களையும் சென்னைக்கு அழைத்தார். ஒவ்வொருவரையும் தனியறையில் ஒரே கேள்வி கேட்பார்: "எதை இழந்தால் திரும்பக் கிடைக்காது?" ஆளுக்கு ஒரு பெயர். சொந்தத் திட்டத்தைச் சொல்லக்கூடாது. வேறு தடை கிடையாது. ஒருவர்கூடச் சொல்லாத திட்டம் மூடப்படும். ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லமாட்டேன் என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தார்.

ரயிலிலேயே அரசி கணவரிடம் சொல்லிவிட்டார்.

"என் திட்டத்தை நீங்க சொல்லக்கூடாது."

"ஏன்? விதியில அப்படி ஒண்ணும் இல்லையே."

"பொண்டாட்டிக்காகச் சொன்னாருன்னு பேசுவாங்க. அப்படி ஒண்ணும் என் நட்சத்திரம் பிழைக்க வேண்டாம்."

"யாருமே சொல்லாட்டி?"

"நம்ம ரெண்டு பேர் போக அஞ்சு பேர் இருக்காங்க. ஒருத்தருக்குக்கூடவா தெரியாது? சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார்.

மதியச் சாப்பாட்டில் ரெஜினா வந்து உட்கார்ந்தார். அரசியின் ஹாஸ்டல் தோழி, இன்னொரு நிலையத்தின் தலைவர். "என்ன கோமதி சார், வீட்டுல நாளைக்குச் சோறு வேணும்னா எந்தப் பேரைச் சொல்லணும்னு தெரியும்ல?" மேஜையே சிரித்தது. கோமதிநாயகமும் சிரித்துவைத்தார்.

கடைசியாக உள்ளே போனவர் அவர்தான். ஒரு திட்டத்தின் பெயரைச் சொன்னார், மனைவியுடையது அல்ல. நாச்சியப்பன் பேனாவைக் கீழே வைத்தார்.

"கோமதி, இன்னொரு தடவை யோசிங்க."

"யோசிச்சாச்சு சார்."

"எது திரும்பக் கிடைக்காதுன்னுதான் கேக்கறேன். வேற எதுவும் கேக்கல."

மற்ற யாரிடமும் அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. அது கோமதிநாயகத்துக்குத் தெரியாது. அதே பெயரைத்தான் மறுபடி சொன்னார்.

இரண்டு திட்டங்களை மூடினார்கள். ஒன்று ஏற்கெனவே பாதி செத்தது, அதை விடுங்கள். மற்றது அரசியுடையது. அவர் திட்டத்தை மற்ற ஐந்து பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. வேண்டாமென்று அல்ல. வீட்டுக்காரர் சொல்லாமலா இருப்பார் என்று ஐந்து பேரும் தங்கள் ஒரே பெயரை வேறு எதற்கோ கொடுத்துவிட்டார்கள். செய்தி கேட்டு ரெஜினா போன் செய்தார். "உன் வீட்டுக்காரர் இருக்காரேன்னு நினைச்சேன்டி" என்றார்.

அன்று வீட்டில் அரசி கேட்டது ஒன்றுதான். "ஒருத்தர்கூடவா?"

"நீதானே சொல்லாதேன்னே."

"ஆமா. நான்தான்."

ஆடியில் தொலைநோக்கியின் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் அடைத்தார்கள். தையில் நட்சத்திரம் மங்கியது.

இருட்டியபின் மொட்டை மாடியில் அரசி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். மங்கியது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அளக்கத்தான் கையில் ஒன்றுமில்லை. கோமதிநாயகம் சால்வையை எடுத்துக்கொண்டு மேலே வந்தார்.

"குளிருது, அரசி."

"நீங்க கீழ போங்க."

அரசிக்கு அப்போது வயது ஐம்பத்து நான்கு. அடுத்த முறை அது மங்கும்போது எண்பத்து நான்கு.

இப்போது சொல்லுங்கள். தன் திட்டத்தைச் சொல்லாதே என்று தடுத்தார் அரசி. மனைவிக்குச் செய்த சத்தியத்தைக் காத்தார் கோமதிநாயகம். ஒரே ஒரு பெயர் போதும் என்று தெரிந்தும், ஐந்து பேர் சொன்னதை வெளியே விடாமல் எழுந்துபோனார் நாச்சியப்பன். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: நாச்சியப்பன். வாக்கையும் காத்தார், வாக்கு மீறாமல் எவ்வளவு கேட்க முடியுமோ அவ்வளவும் கேட்டார். அரசி செய்தது தவறு. நட்சத்திரத்தை அவர் பார்த்தது ஊர்ப்பணத்தில். தன் மானத்துக்காக அதைப் பணயம் வைக்க அவருக்கு உரிமை கிடையாது. கோமதிநாயகம் செய்ததும் தவறு. கேட்டது நட்சத்திரத்தைப் பற்றி, அவர் பதில் சொன்னது மனைவியைப் பற்றி. விடை தெரிந்துவிட்டது, சரிதானே? நாச்சியப்பன் நிம்மதியாகத் தூங்குகிறார். அந்த வீட்டு மாடிக்குத் துணி காயப்போடக்கூட இப்போது யாரும் ஏறுவதில்லை.